மலையேறாத சாமி

மாசாணத்தைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் கைகளில்தான் தொடங்க வேண்டும். கிணத்துக்கடவில் இருக்கும் என் பம்ப்செட் கடைக்கு வேலைக்கு வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. போர்வெல்லுக்குள் ஐந்நூறு அடியில் சிக்கிக்கொண்ட மோட்டாரை, மேலே தெரிகிற பைப்பின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தே எங்கே சிக்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். நான் அதை முதலில் நம்பவில்லை. நாலைந்து தடவை அவன் சொன்னது சரியாகிப் போன பிறகு, நம்பாமல் இருப்பதுதான் நஷ்டம் என்று புரிந்தது.

இருபது அடிக்கு ஒரு பைப். அதை நாங்கள் லென்த் என்போம். முக்காலி நட்டு, செயின் மாட்டி, ஒரு லென்த்தை மேலே இழுத்து, கிளாம்ப் போட்டு நிறுத்தி, ரெஞ்சால் கழற்றிப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு அடுத்ததை இழுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே இழுப்பான். எண்ணிக்கை தப்பினால் கவனம் தப்பும், கவனம் தப்பினால் மோட்டார் குழிக்குள் போய்விடும் என்பான். இருபத்து நான்கு வருஷம் இதுதான் அவன் வாழ்க்கை.

குடித்தான். அதை மறைக்க என்ன இருக்கிறது? காலையில் ஒரு குவாட்டர் உள்ளே போனால்தான் ரெஞ்ச் பிடிக்கிற கை நிற்கும். மத்தியானம் ஒன்று, பொழுது சாய்ந்தால் ஒன்று. எல்லாம் தெரிந்துதான் நான் வேலை கொடுத்தேன். அவன் மனைவி பூவாத்தாள் மில்லுக்குப் போய் மகள் கயல்விழியைப் படிக்க வைத்தாள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது என் கடை வாசலில் வந்து நின்று, "ஏனுங் பாய், நீங்க ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா" என்பாள். நானும் ஒரு வார்த்தை சொல்வேன். அவனும் ஒரு வார்த்தைக்குத் தலையாட்டுவான். அத்தோடு சரி.

எங்கள் சீமையில் நாய்க்குக்கூட மரியாதை போட்டுப் பேசுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. மாசாணத்துக்கு யாரும் போட்டதில்லை. அவன் பிறந்த தெரு அப்படி. தோட்டத்துக்காரர்களுக்கு அவன் வாடா, போடா. நான் அவர்களைவிட ஒரு படி மேல் என்று நினைத்துக்கொண்டு 'வாப்பா' என்பேன். இப்போது எழுதும்போதும் 'அவன்' என்றுதான் வருகிறது, பாருங்கள்.

போன வருஷம் மாசி மாதம், வேலாங்காட்டுப்புதூரில் அழகிரிசாமியின் தோட்டத்தில் வேலை. நானூறு தென்னை, ஒரே போர், அதிலும் தண்ணீர் நின்றுவிட்டது. மோட்டாரை வெளியே எடுக்கும்போது மாசாணத்தின் கை நடுங்கியது. கிளாம்ப் சரியாக விழவில்லை. ஒரு சத்தம். அவ்வளவுதான், அத்தனை லென்த்தும் மோட்டாரோடு குழிக்குள் இறங்கிப் போய்விட்டது. கீழே போய் முட்டிய ஓசை மேலே வர நேரமானது. அழகிரிசாமி பொதுவாக நல்ல மனிதர். அன்றைக்கு அவர் சொன்ன வார்த்தைகளை நான் எழுத மாட்டேன். கூலியாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மாசாணம் குழியின் வாயிலேயே குந்தி உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த ஊர்தான் மாசாணத்துக்கும் சொந்த ஊர். தென்கோடியில் அவன் தெரு, தெருமுனையில் அவர்களுடைய மாரியம்மன் கோயில். பங்குனியில் திருவிழா அறிவித்து நோம்பி சாட்டினார்கள். மூன்று கிளை உள்ள மரத்தை வெட்டி வந்து கோயில் முன்னால் கம்பமாக நட்டு, விரதம் இருப்பவர்களுக்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டியவர் கம்பம் பிடுங்கும் நாள்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. குடி, கறி எதுவும் ஆகாது. கடைசியில் நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்திப் பூவோடு எடுப்பார்கள். அந்த வருஷம் மாசாணம் தானாகவே போய்க் கையை நீட்டினான். "இந்தக் கைதானே நடுங்குச்சு. இதுலயே பூவோடு எடுக்கறேன்" என்று பூசாரியிடம் சொன்னானாம். அன்று காலையோடு குடியை விட்டான். இருபது வருஷக் குடியை ஒரே நாளில்.

பூவாத்தாளுக்குக் கால் தரையில் படவில்லை. எனக்குப் போன் செய்து, "அம்மன் கண்ணத் தொறந்துட்டாளுங் பாய்" என்று அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான். அந்த அம்மன் கோயில் போர்தான் என் கடைக்குக் கிடைத்த முதல் வேலை. அவள்மேல் எனக்கு என்றும் மரியாதை உண்டு.

மறுநாள் முழுக்க அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. வேட்டியைப் பிழியலாம் போல நனைந்திருந்தது. தூங்கவே இல்லை. கையில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தான். பூவாத்தாள் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு எறும்பும் இல்லை. விரதச் சூடு என்றார்கள்.

அடுத்த நாள் காலை கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றக் குடத்தைத் தூக்கியவன் அப்படியே விறைத்துப் பின்னால் சாய்ந்தான். கண் மேலே செருகிக்கொண்டது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பறை வேகம் எடுத்தது. அம்மன் இறங்கிவிட்டாள் என்று பூசாரி திருநீற்றைப் பூசி வேப்பிலையைக் கையில் திணித்தார். அவனுக்குச் சிறுநீர் பிரிந்திருந்தது. உடைந்த குடத்துத் தண்ணீரோடு அது கலந்துவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. பூவாத்தாள் கண்ணில் பட்டது. அவள் தன் சேலையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவன் அவனாகத் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். யாரையும் அடையாளம் தெரியவில்லை. எழுந்து நின்று, கால்களை அகட்டி, காற்றில் எதையோ பிடித்து இழுக்க ஆரம்பித்தான். இழுப்பான், ஒரு கையால் நிறுத்துவான், மறுகையால் திருகுவான், பக்கத்தில் படுக்க வைப்பான். "ஒண்ணு" என்பான். மறுபடி இழுப்பான். "ரெண்டு." அப்படியே இருபத்து மூன்றுவரை. அங்கே நின்றுவிடுவான். குனிந்து காதைக் கொடுத்துக் கேட்பான். பிறகு ஒரு பக்கமாகக் கையைக் காட்டி, "புளியமரம். ஈரம்" என்பான். மறுபடி ஒன்றிலிருந்து.

ஒரு முழு நாள், ஒரு முழு இரவு, நிற்காமல். சோறு இல்லை, தூக்கம் இல்லை.

அழகிரிசாமியின் தோட்டத்தில் தென்மேற்கு மூலையில் ஒற்றைப் புளியமரம் இருந்தது. செய்தி அவர் காதுக்குப் போன அன்றே, தன் ஐம்பத்தெட்டு வயதில் முதல்தடவையாக அவர் அந்தத் தெருவுக்குள் வந்தார். தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கூப்பிய கையோடு மாசாணத்தின் முன்னால் நின்றார். "சாமி, நீங்களே சொல்லோணும். எத்தன அடீங்க?" என்று கேட்டாராம். அவர் வந்தபின் மற்றவர்களும் வந்தார்கள். பூமாலை போட்டார்கள், நாற்காலி போட்டார்கள். அவன் உட்காரவில்லை. மாலையோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் பதினொரு மணிக்குப் பூவாத்தாள் எனக்குப் போன் போட்டாள். "சித்தே வந்துட்டுப் போங் பாய். வண்டியோட வாங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

நான் போனபோது உச்சி வெயில். பந்தலில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. அவன் எண்ணுகிற குரல் மட்டும் கேட்டது. தொண்டை கட்டி, அது அவன் குரலாகவே இல்லை. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து கிடந்தன. வெறும் காற்றை இழுத்தால் எப்படி உரியும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் கிட்டே போனேன். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "பாய், இந்த முனையப் புடிங்க, நழுவுது" என்றான்.

நான் பிடித்தேன்.

ஏன் பிடித்தேன் என்று கேட்காதீர்கள். இருபத்து நான்கு வருஷம் அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் பிடித்த கை அது. அதுவாக நீண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் தோள் இறங்கியது. ஈரமான இரும்பின் கனம், குளிர்ச்சி எல்லாம் கையில் வந்தது. கையை உதறிவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். "உட்டுட்டீங்களே பாய்" என்று அவன் முனகினான். குழந்தை அழுவது போல இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று பூசாரியிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங் பாய். இது எங்க அம்மன் காரியமுங்க. காப்புக் கட்டுன ஆள எல்லை தாண்டிக் கொண்டுபோனா ஊருக்கே ஆகாதுங்க" என்றார். எவ்வளவு பணிவாகச் சொன்னார் தெரியுமா? நானும் பணிவாக ஒதுங்கினேன். பானகம் கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தேன். அடுத்தவர் சாமி விஷயத்தில் நமக்கென்ன என்று வண்டியில் போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

பூவாத்தாள்தான் வண்டிக்கு வந்தாள். அவள் அழவில்லை. யோசித்து முடித்தவள் முகமாக இருந்தது.

"ஏனுங் பாய், நான் சின்னதுலருந்து எத்தன சாமியாட்டம் பாத்திருக்கறேன். சாமி வரும், வாக்குச் சொல்லும், அரை மணி நேரத்துல மலையேறிப் போயிரும். தண்ணியக் குடிச்சுப்போட்டு ஆளு ஊட்டுக்கு வந்துருவாரு. ரெண்டு நாளா மலையேறாத சாமி எங்கயாச்சும் உண்டுங்களா? இது அம்மன் இல்லீங்க. அம்மனா இருந்தா எம்புள்ளைய அவளுக்குத் தெரியோணுமல்ல."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பந்தலில் மறுபடி குலவை எழுந்தது. ஓடினோம். அவன் தரையில் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை நிற்கவில்லை. பூவாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன்மேல் கவிழ்ந்தாள். எழுந்தபோது காப்புக் கயிறு அவள் கையில் இருந்தது. அதை பிளேடால் அறுத்திருந்தாள்.

"அறுத்துப்போட்டேனுங்க. இனி எல்லை தாண்டலாம். தூக்குங் பாய்" என்றாள்.

யாரும் தடுக்கவில்லை. யாரும் கை கொடுக்கவும் இல்லை. நானும் கயல்விழியும் அவளும் தூக்கி வண்டியில் போட்டோம்.

கோவையில் பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தான். முதல் மூன்று நாள் கையையும் காலையும் கட்டிலோடு கட்டி, நரம்பை அடக்கும் மருந்தும் வைட்டமின் ஊசியும் ஏற்றினார்கள். தேஜஸ்ரீ என்று ஒரு சின்ன வயது டாக்டரம்மா. எங்களை உட்கார வைத்து விளக்கினார். வருஷக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பில் மூளை அந்தச் சாராயத்தின் பாரத்தோடு ஓடப் பழகிவிடுமாம். திடீரென்று அதை எடுத்துவிட்டால் தாறுமாறாக ஓடும். நடுக்கம், வேர்வை, வலிப்பு, அப்புறம் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. செய்து பழகிய வேலையையே வெறுங்கையில் செய்துகொண்டிருப்பதும் அதில் ஒன்று. தையல்காரர் காற்றில் தைப்பாராம். வைத்தியம் இல்லாவிட்டால் பலர் செத்துப்போவார்கள். எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. பாரம் அறுந்த மோட்டார் என்ன ஓட்டம் ஓடும் என்று பார்த்தவன் நான்.

"குடிச்சிட்டிருக்கறவர் டாக்டர் இல்லாம திடீர்னு நிறுத்தறதுதான் ஆபத்துங்க. இவருக்கு இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இதைவிட மோசமா இருக்கும். உயிருக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது" என்றார். பூவாத்தாள் அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

தெளிந்த பிறகு மாசாணத்துக்கு அந்த நாட்கள் எதுவும் நினைவில் இல்லை. ஒன்றைத் தவிர. "கீழருந்து ஆரோ இழுத்தாங் பாய். நான் மேல இழுக்க இழுக்க, அது கீழ இழுத்துது" என்றான். நான் பேச்சை மாற்றினேன்.

அவன் ஊர் திரும்புவதற்குள் அழகிரிசாமி புளியமரத்தடியில் போர் போட்டுவிட்டார். நானூற்று அறுபது அடியில் தண்ணீர். இருபத்து மூன்று லென்த். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் காட்டில் எத்தனை அடியில் ஈரம் என்பதெல்லாம் அவன் மண்டைக்குள் இருபத்து நான்கு வருஷமாகச் சேர்ந்து கிடந்தது, அதுதான் வெளியே வந்தது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லும்போதே என் தோளில் அந்தக் கனம் வந்து உட்காரும்.

எட்டு மாதம் அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. முகத்தில் சதை பிடித்தது. மகளோடு பஸ்ஸில் காலேஜ் வரைக்கும் போய்விட்டு வந்தான். அவனைக் கண்டால் தோட்டத்துக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள். எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்து, எங்கே போர் போடலாம் என்று கேட்டார்கள். தெளிந்த மாசாணம் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். இரண்டு இடம் வறண்டு போனது. நாற்காலி போடுவது குறைந்தது. அதில் அவன் வாடியதை நான் பார்த்தேன். பாவம், நாற்பது வயதுக்கு மேல் கிடைத்த மரியாதை அது.

மார்கழியில் என் கடைப்பக்கம் வரும்போது அவனிடம் பழைய வாசனை வந்தது. யார் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்தேன். ஒருவர் இல்லை, நாலைந்து பேர். அழகிரிசாமியிடமே போய்க் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"அம்மனுக்குன்னு அவரு குடிய உட்டாரு, அம்மன் வந்தா. இப்ப உடறதுக்கு அவருகிட்ட என்னங் பாய் இருக்குது? நோம்பி வரைக்கும் இருக்கட்டும். அப்பறம் காப்புக் கட்டி உட்டுருவாரு. ஊருல இன்னும் பதினாறு போரு வத்திக் கெடக்குதுங்க" என்றார்.

டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அந்த மனிதர் கண்ணில் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "போன தடவையும் ஒண்ணும் ஆகலீங்களே" என்றார்.

மாசாணத்திடம் நானும் பேசினேன், பூவாத்தாளும் பேசினாள். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றான். காப்புக் கட்டிக்கொள்வேன் என்றான். பூவாத்தாள் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். எப்படியாவது கூட்டி வாருங்கள், படுக்கை தருகிறேன், வந்து சேரும்வரை குடியைத் திடீரென்று நிறுத்த மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று அவர் சொன்னார்.

காப்புக் கட்டும் நாள் வந்தது. பொழுது இறங்கும் நேரம். போன வருஷத்தைவிடக் கூட்டம் மூன்று மடங்கு. பக்கத்து ஊர்க்காரர்கள்கூடக் கார் போட்டு வந்திருந்தார்கள். மாசாணம் விடியற்காலையிலிருந்து குடிக்கவில்லை. ஈர வேட்டியோடு கம்பத்தின் முன்னால் நின்று வலது கையை நீட்டியிருந்தான். அந்தக் கை அப்போதே நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்து, வருது வருது என்று கூட்டம் கிசுகிசுத்தது. பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்தார்.

பூவாத்தாள் கையில் ஒரு டம்ளரோடு உள்ளே வந்தாள். வாசனை அவளுக்கு முன்னால் வந்தது. கூட்டம் தானாக விலகியது. பறை நின்றது. இருபது வருஷமாகச் சாராயக் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்காதவள், அன்று மத்தியானம் ஆண்கள் வரிசையில் நின்று தன் கையால் வாங்கி வந்திருந்தாள்.

"குடிங்க" என்றாள்.

"இன்னிக்கு வேண்டாம் அம்மணி" என்றான் மாசாணம்.

"சாமி குத்தம் ஆயிருமுங்க" என்றார் அழகிரிசாமி, மெதுவாக.

"குத்தம் எம்மேல வரட்டுமுங்க." அவள் அவரைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, உங்ககிட்ட ஆரும் சொல்லல. நானும் சொல்லல. போன வருசம் இந்த எடத்துல கயலு உங்களுக்குத் தண்ணி கொண்டாந்தா. நீங்க அவளப் பாத்து, ஆரு ஊட்டுப் புள்ள இதுன்னு கேட்டீங்க. நான் கிட்ட வந்தா, தள்ளிப் போ பொம்பளன்னு நெட்டித் தள்ளுனீங்க. உங்களக் கும்புட்டவங்க எல்லாருக்கும் வாக்குச் சொன்னீங்க. எங்க ரெண்டு பேரையும் உங்களுக்குத் தெரியல. இருவது வருசமா குடிக்காதீங்கன்னு கால்ல உழுந்தவ நான். இன்னிக்குக் குடிங்கன்னு உழுகறேன்."

உண்மையிலேயே விழுந்தாள். டம்ளர் மட்டும் சாயாமல் நிமிர்ந்து நின்றது.

மாசாணம் கூட்டத்தில் மகளைத் தேடினான். அவள் என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி, அம்மன் முன்னால், அத்தனை பேர் முன்னால் குடித்தான். ஒருவன் குடிப்பதைப் பார்த்து என் வாழ்க்கையில் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. பூசாரி கயிற்றைத் தட்டில் போட்டுவிட்டார்.

வண்டியை நான்தான் ஓட்டினேன். அவன் நடுவில், அவள் ஓரத்தில், மிச்சம் இருந்த பாட்டில் அவள் மடியில். மறுபடி கை நடுங்க ஆரம்பித்ததும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள். நான் ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் தேஜஸ்ரீ டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார். "கடைசியா எப்ப குடிச்சாருங்க?"

"இப்பத்தானுங்க" என்றாள் பூவாத்தாள். "சுந்தராபுரம் தாண்டினதும். நாந்தான் ஊத்திக் குடுத்தேன்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பூவாத்தாள் தலையைக் குனியவில்லை.